இரண்டு பக்கமும்

மழையில், தீவு விரைவுச்சாலையில்,
ஒரு சிமெண்ட் லாரி
எங்கள் பின்கண்ணாடி முழுக்க நிறைந்து வந்து
கடைசி நொடியில் ஒதுங்கியது.
வெளியே இறங்கியதும் முதல் சிக்னலில்
கண்ணாடியை இறக்கி அவன் கேட்டது
வசவுகூட இல்லை, சந்தேகம்:
"அண்ணே, பின்னாடி லைட்டு எரியுதா, இல்லையா?"

எரிந்துகொண்டுதான் இருந்தது.
அறுபத்தொன்றில் செய்த மோரிஸ் மைனர்,
ஐந்து வாட் இழை.
சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு மாதிரி
கிட்ட வந்து ஊதிப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்படி.

மாதங்கி வீடு வரைக்கும் பேசவில்லை.
அவளுக்குக் கிடைத்த பெர்த் வேலைக்கு
நான் ஆமாம் இல்லை எதுவும் சொல்லாத
பதினோராம் நாள் அது.

சனிக்கிழமை, பெடோக்,
பலமாடிக் கார் நிறுத்தத்தின் நான்காம் தளம்.
பழைய பல்புகளை ஒவ்வொன்றாக அழுத்தித் திருகி எடுத்து
மைலோ டின்னில் போட்டேன்.
ஒன்று கருத்திருந்தது.
ஒன்று, இழை அறுந்து, ஆட்டினால் கிணுகிணுத்தது.
எத்தனை மாதமாக இடப்பக்கம் இருட்டோ.

காக்கி புக்கிட்டில் வயரிங் பார்க்கும் சியூ கிம்
முன்பே எச்சரித்திருந்தாள்.
சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போடாதே,
ரோஜாப்பூ எரியும்.
சிவப்புக்குச் சிவப்பு. மஞ்சளுக்கு மஞ்சள்.
அப்புறம், உன் வண்டிக்கு உடம்புதான் பாசிட்டிவ்,
ஊரில் ஓடும் மற்ற எல்லாவற்றுக்கும் தலைகீழ்.
பழைய பல்பு, எந்தப் பக்கமிருந்து வந்தாலும்
வாங்கிக்கொண்டு எரியும்.
இது அப்படியில்லை, ஒருவழிப்பாதை.

"மிதி."
"மிதிச்சாச்சு."
"விடு."
"விட்டாச்சு. எரிஞ்சுதா?"
எரிந்தது.
எதிர்ச் சுவர், தண்ணீர்க் குழாய்,
தூணில் எழுதியிருந்த தள எண்,
பக்கத்து வண்டிக்கடியில் படுத்திருந்த பூனை
எல்லாம் ஒரு கணம் சிவந்து அணைந்தன.
பதினோரு நாளில் நாங்கள் பேசிய
மிக நீளமான பேச்சு அது.

இண்டிகேட்டரில்தான் மாட்டிக்கொண்டேன்.
பழைய ஃபிளாஷருக்குச் சூடு வேண்டும்,
இவ்வளவு கொஞ்சமாய் மின்சாரம் குடித்தால்
அது கண் சிமிட்டாது.
மாற்றினேன்.
இடது போட்டேன்.
பின்னால் நின்றிருந்தவள் குனிந்து பார்த்தாள்,
நிமிர்ந்தாள்.
"ரெண்டு பக்கமும் மின்னுதே.
எங்கதான் போறதா உத்தேசம்?"

டாஷ்போர்டில் ஒரு குட்டி விளக்கு, இரண்டுக்கும் பொது.
இடது எரியும்போது வலதின் வழியாக,
வலது எரியும்போது இடதின் வழியாக
வீடு திரும்பும் அதன் மின்சாரம்.
தடித்த இழைகள் அதைப் பொருட்படுத்தவில்லை,
அறுபது வருடம் தெரியாமலே கடந்து போயிற்று.
புதிய பல்புக்கு அந்தத் துளியே போதும்,
எரிந்துவிடும்.

இரண்டு டையோடு. அரிசி மணி அளவு.
சால்டரிங் புகையில் கண் கரித்தது,
வேறொன்றுமில்லை.
இடது போட்டேன், இடது மட்டும் மின்னியது.
"இப்பச் சொல்லு," என்றாள்.
வலதையும் சோதிக்கணும் என்றேன்.
டார்ச்சை பானட்டின் மேல் வைத்துவிட்டு
லிஃப்ட்டை நோக்கி நடந்தாள்.

முகப்பு விளக்கைத் தொடவில்லை.
அது இன்னும் தேநீர் நிறத்தில் எரிகிறது.

மார்ச்சில் கவனித்தேன்,
பின்விளக்குக் கண்ணாடியின் உட்புறம்
வியர்த்திருந்தது.
பழைய பல்பின் சூடுதான் இத்தனை நாள்
அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டிருந்தது போல.
வீணாகப் போகிற வாட் என்று
கணக்குப் போட்டிருந்தேன் நான்.

ஞாயிறுதோறும் கழற்றித் துடைக்கிறேன்.
ஃபோனை பம்பர்மேல் சாய்த்து வைத்தால்
அவள் அங்கிருந்து பார்க்கிறாள்.
லாரி தூரமா வருதா என்று கேட்கிறாள்.
வருகிறது.
பெர்த்தில் காற்று வறண்டதாம்,
துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமாம்,
கண்ணாடிக்குள் பனி நிற்காதாம்.

கேட்டுக்கொண்டே
கண்ணாடியை அதன் இடத்தில் பொருத்துகிறேன்.
மூன்று திருகாணி.
மூன்றாவதை முழுக்க முறுக்கவில்லை.